தன் கையே தனக்கு உதவியா?

"தன் கையே தனக்கு உதவி" என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைகளும் அறிந்த பழமொழி. ஊரை விட்டு வந்து வாழ்கின்றவர்களுக்கு அது பழமொழி மட்டுமன்று. ஒரு பெருமையும் ஆகும். டில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ நாக்பூரிலோ குடியேறிய தமிழர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு பெட்டியோடு ரயில் ஏறினேன், யாருடைய தயவும் இன்றி நிலைபெற்றேன்" என்றே பெரும்பாலும் சொல்லுவார். நானும் பலமுறை அவ்வாறு சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமை எவ்வளவு தூரம் உண்மை என்று அளந்து பார்க்க இன்று சற்று விநோதமான அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ள எண்ணுகிறேன். அது சைக்கிள்.

சைக்கிள் ஏன் என்று கேட்கலாம். ரயிலில் செல்கிறவன் இஞ்சினை நம்பிச் செல்கிறான். குதிரையேறியவன் குதிரையின் கால்களை நம்புகிறான். சைக்கிளில் ஏறியவனோ தன் கால்களையே நம்ப வேண்டும். ஆகவே, தன் முயற்சி இவ்வளவு, பிறர் உதவி இவ்வளவு என்று பற்றும் வரவும் பிரித்தெழுதுவதற்கு இவ்வண்டியைப்போல் ஏற்ற கணக்குப் புத்தகம் வேறில்லை. அந்தக் கணக்கைச் சரியாக எழுதிவிட வேண்டும் என்று ஏறத்தாழ 140 ஆண்டுகளாக மனிதர்கள் முயன்று வந்திருக்கிறார்கள். அம்முயற்சியின் சரித்திரமே இவ்வுரை.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு இப்பொருளில் நாட்டம் உண்டானதும் ஒரு சொல்லாலேயே. நெடுந்தூர சைக்கிள் பயணத்தைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தது. அதில் பயணங்கள் மூவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வகையில், ஓட்டுகிறவருக்குப் பின்னால் உணவும் உதிரிச் சக்கரமும் மருந்தும் ஏற்றிய துணை வண்டி வரும். மூன்றாம் வகையில், புறப்படும்போது எடுத்துக்கொண்டதைத் தவிர வழியில் எதையும் பெறுதல் ஆகாது. இடைப்பட்ட வகைக்கு 'செல்ஃப் சப்போர்ட்டட்' என்று பெயர். அதில் கடையில் வாங்கி உண்ணலாம். விடுதியில் காசு கொடுத்து உறங்கலாம். ஆனால் தனக்கென்று எவரும் எங்கும் காத்திருத்தல் கூடாது. முதல் வகையைத் 'துணையுடன்' என்றும், மூன்றாம் வகையைத் 'துணையின்றி' என்றும் எழுதிவிட்டேன். நடுவிலுள்ள சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'தற்சார்பு' என்று எழுதலாமா? வழியிலுள்ள கடைக்காரர் சுட்ட ரொட்டியைத் தின்று செல்கிறவன் எப்படித் தன்னை மட்டும் சார்ந்தவன் ஆவான்? அன்று ஏதோ ஒரு சொல்லை எழுதி அனுப்பிவிட்டேன். ஐயம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

முதலில், சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதரைப் பார்ப்போம். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரல் 22-ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டார். அவர் ஏறியது இக்காலத்து வண்டி அன்று. முன்சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்தும் பின்சக்கரம் சிறுத்தும் இருந்த பழைய வகை. கொண்டு சென்ற மூட்டையோ மிகச் சிறியது: காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு கைத்துப்பாக்கி, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு. இவ்வளவுடன் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாஸ்டன் நகரை அடைந்தார். பின்பு ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் என்று சென்று, 1886-இல் நம் நாட்டிற்கும் வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச் சாலையில் வண்டியை ஓட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஜப்பானிலுள்ள யோக்கஹாமாவில் பயணம் முடிந்தது.

இவர் தனியாகச் சென்றவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்கை விரித்துப் பார்த்தால் வேறு பெயர்களும் தென்படுகின்றன. அமெரிக்க மேற்குப் பகுதியில் சாலையே இல்லாத இடங்களில், இருப்புப்பாதையை ஒட்டியே அவர் சென்றார். பாதைக் காவலர் குடில்களில் உணவு பெற்றார். சியரா நெவாடா மலையில் பனி விழாமல் ரயிலைக் காக்க எழுப்பிய மரக்கூரைகளின் கீழ் நடந்தார். டெஹ்ரானில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கினார். பத்திரிகையொன்று அவருடைய கடிதங்களை வெளியிட்டுப் பொருளுதவி செய்தது. ஆப்கானிஸ்தானத்திலோ அவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே அந்நாட்டைச் சுற்றிக் கப்பலேறித்தான் இந்தியாவை அடைந்தார். கால்கள் அவருடையவை; வழியோ, வேறு யாரோ அமைத்தும் அனுமதித்தும் கொடுத்தது.

1897-ஆம் ஆண்டில் இக்கணக்கு வேறு விதமாக எழுதப்பட்டது. அமெரிக்கப் படையில் கறுப்பின வீரர்களைக் கொண்ட 25-ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 20 பேர், ஜேம்ஸ் மாஸ் என்னும் அதிகாரியின் தலைமையில், மொன்டானாவிலுள்ள மிசூலாவிலிருந்து செயின்ட் லூயி வரை ஏறத்தாழ 1,900 மைல் தூரத்தை 41 நாட்களில் சைக்கிளில் கடந்தனர். போர்வையும் கூடாரத் துணியும் சமையற் கலமும் துப்பாக்கியும் வண்டியிலேயே இருந்தன. ஆனால் உணவுப் பொருள்களை வழியிலுள்ள நிலையங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் உவர்நீர் குடித்துப் பலர் நோயுற்றபோது, எவ்வளவு திட்டமிட்டாலும் நல்ல தண்ணீரைத் திட்டத்தால் உண்டாக்க முடியாது என்பது தெரிந்தது.

இதற்குச் சற்று முன்பே பிரான்சு தேசத்தில் பந்தயங்கள் தொடங்கிவிட்டன. 1891 செப்டம்பரில், பியேர் ஜிஃபார் என்னும் பத்திரிகையாசிரியர், பாரிசிலிருந்து பிரெஸ்து என்ற கடற்கரை நகருக்குச் சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை ஏற்பாடு செய்தார். புறப்பட்ட வண்டியிலேயே திரும்ப வேண்டும் என்பது விதி. இருநூறுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டு, ஏறத்தாழ நூறு பேரே திரும்பினர். அப்பொழுதுதான் புதிதாக வந்திருந்த காற்றடைத்த டயரைப் பூட்டிய சார்ல் தெரோன் என்பவர், ஏறத்தாழ 71 மணி நேரம் கண் துஞ்சாமல் ஓட்டி முதல்வரானார். அவருக்கு முன்னால் சென்றுகொண்டிருந்தவர் மூன்றாம் இரவில் உறங்கியபொழுது இவர் அவரைக் கடந்து சென்றார்.

விதி வண்டியைப் பற்றியது. மனிதரைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னணி வீரர்களுக்கு, காற்றை மறைத்து முன்னே ஓட்டி வேகம் கொடுப்பதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். டயர் செய்தவர்களும் வண்டி செய்தவர்களும் தத்தம் பொருளின் புகழுக்காக அவர்களைத் தாங்கினார்கள். பின்னால் வந்த எளியவர்களோ வழிச் சத்திரங்களில் உறங்கி எழுந்து, பல நாள் கழித்துப் பாரிசை அடைந்தனர். ஒரே சாலை, ஒரே விதி. ஆனால் உதவியின் அளவு இருவருக்கும் ஒன்றாக இல்லை.

இந்த வேற்றுமையை ஒழிக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் ஹென்ரி தெக்ராஞ். 1903-இல் தொடங்கிய 'டூர் த பிரான்ஸ்' பந்தயத்தின் தலைவர் இவரே. வீரனுக்கும் மலைக்கும் நடுவில் மூன்றாம் ஆள் நிற்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. வண்டி பழுதுபட்டால் ஓட்டியவனே பழுது பார்க்க வேண்டும். பிறர் கை வைத்தால் அபராதம். இக்கொள்கையின் உச்சியையும் அதன் விரிசலையும் ஒருங்கே காட்டியது 1913 ஜூலையில் நிகழ்ந்த ஒரு சம்பவம்.

யூஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரர் அன்று பிரனீஸ் மலைத்தொடரில் தூர்மலே என்னும் கணவாயைக் கடந்து இறங்கிக்கொண்டிருந்தார். வெற்றி பெறும் நிலையிலிருந்தவர். முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, நம் சைக்கிள் கடைக்காரர்கள் 'போர்க்' என்பார்களே, அது முறிந்துவிட்டது. வேறு வண்டி வாங்க விதியில்லை. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலைச்சரிவில் நடந்து, சேந்த் மரீ த கம்பான் என்ற சிற்றூரை அடைந்தார். அங்கே ஒரு கருமான் பட்டறை இருந்தது. பட்டறையைப் பயன்படுத்தலாம், கருமான் கை வைக்கக் கூடாது. ஆகவே உலைக்குத் தீ மூட்டி, இரும்பைக் காய்ச்சி, அடித்து ஒட்டவைக்கும் வேலை முழுவதையும் கிறிஸ்தோஃபே செய்தார். பந்தய அதிகாரிகள் அருகில் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தனர். மூன்று மணி நேரத்திற்கு மேல் கழிந்தது.

சம்மட்டியும் குறடும் இரு கைகளிலும் இருக்க, உலைத்துருத்தியை ஊதுவதற்கு மூன்றாவது கை ஏது? பட்டறையிலிருந்த ஒரு சிறுவன் துருத்தியை இழுத்தான். ஏழு வயதுப் பையன் என்று சொல்லுவர். அதிகாரிகள் அதனைக் குறித்துக்கொண்டு, பிறர் உதவி பெற்றதற்காகப் பத்து நிமிட அபராதம் விதித்தனர். பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. வெற்றி எப்படியும் கைநழுவிப் போயிருந்தது. கிறிஸ்தோஃப் அந்தப் பந்தயத்தில் ஏழாவதாகவே முடித்தார். ஆறு ஆண்டு கழித்து, 1919-இல், முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருக்கையில் மீண்டும் அவருடைய போர்க் முறிந்தது. அப்பந்தயத்தில் அவர் ஒருபோதும் வெற்றி பெறவே இல்லை. ஆனால் வென்றவர்களில் பலரை மறந்துவிட்ட பிரெஞ்சு மக்கள் இவரை மறக்கவில்லை; அந்தச் சிற்றூரில் அவருக்கு நினைவுப் பலகை உண்டு.

இந்தச் சம்பவத்தில் என்னை ஆட்கொண்டது அபராதத்தின் கொடுமை அன்று, அதன் நுட்பமே. உலை யாருடையது? கருமானுடையது. கரி யாருடையது? அதுவும் கருமானுடையது. இவற்றை விதி உதவியாகக் கருதவில்லை. ஒரு குழந்தையின் கை இரண்டு துருத்தியை இழுத்தபொழுது மட்டும் அது உதவி ஆகிவிட்டது. எந்த எல்லைக்கு இப்புறம் முயற்சி, அப்புறம் உதவி என்று கோடு கிழிக்கப் புகுந்தவர்கள், கடைசியில் ஒரு சிறுவனுடைய கைகளின்மேல் அக்கோட்டைக் கிழிக்கும்படி ஆயிற்று.

1929-இல் விக்தோர் ஃபோந்தான் என்பவருக்கும் ஏறத்தாழ இதே கதி நேர்ந்தது. முதலிடத்தில் இருந்தவர், போர்க் முறிந்தது, விடியுமுன் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு வண்டியை இரவல் பெற்றார். உடைந்த வண்டியை முதுகில் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டிய பின்னர், முடியாமல் கண்ணீருடன் விலகினார். மறு ஆண்டு விதிகள் தளர்ந்தன. பழுதுக்கு உதவி பெறலாம் என்றாயிற்று. அன்று தொடங்கிய மாறுதலின் முடிவே, இன்று வீரர்களின் பின்னால் உதிரி வண்டிகளைக் கூரையில் அடுக்கிக்கொண்டு வரும் மோட்டார் வரிசை.

தொழில்முறைப் பந்தயம் இவ்வழியில் செல்ல, தனித்து நிற்கும் கொள்கையை வேறு சிலர் கைவிடாமல் காத்தனர். பரிசும் பணமும் வேண்டாதவர்கள் அவர்கள். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். முதல்வன் கடையன் என்ற பேதம் இல்லை. இவ்வகை ஓட்டத்திற்கு 'பிரவே' என்று பெயர். பாரிசிலுள்ள 'ஆடாக்ஸ்' சங்கம் 1921-இல் இதனைத் தொடங்கியது. 1931 முதல் பாரிஸ்–பிரெஸ்து பாதையிலும் இத்தகையோர் ஓட்டி வருகின்றனர். இப்பொழுது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த ஓட்டத்தில் இந்தியர்களும் பலர் பங்கு கொள்கின்றனர். நம் நாட்டு நகரங்களிலும் பிரவேக்கள் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்பது கால எல்லை.

இவர்களுடைய விதி அறிவுடையது. ஓட்டுகிறவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்தொடரும் துணை வண்டி கூடாது. வீட்டாரோ நண்பரோ உதவ விரும்பினால், அட்டையில் முத்திரை குத்தும் நிலையங்களில் மட்டும் உதவலாம். இடைப்பட்ட சாலையில் உதவலாகாது. வழியிலுள்ள கடைகளில் எதையும் வாங்கிக்கொள்ளலாம். தெக்ராஞ் உதவியையே ஒழிக்க நினைத்தார். இவர்களோ உதவிக்கு ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தனர்.

இனி, நம் நாட்டவர் கதைக்கு வருவோம். 1923 அக்டோபர் 15-ஆம் நாள், பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவரச் சைக்கிளில் புறப்பட்டனர். பளு தூக்கும் சங்கம் ஒன்றில் உடல் பயின்றவர்கள். பாரசீகம், பாக்தாத், சிரியப் பாலைவனம், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனம், சயாம், பர்மா என்று அவர்கள் பாதை சென்றது. ஒருவர் டெஹ்ரானிலிருந்து திரும்பினார். இருவர் அமெரிக்காவுடன் நின்றுவிட்டனர். அதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா என்னும் மூவர் மட்டும் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரை முடித்து, 1928 மார்ச்சு 18-ஆம் நாள் பம்பாய்க்கு மீண்டனர். அவர்களுக்குப் பின்னால் துணை வண்டி ஏதும் வரவில்லை. ஆனால் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருந்தனர். இன்றைய பந்தய விதிகளில் இருவர் சேர்ந்து ஓட்டினால் அது தனிப் பிரிவு. தனியாக ஓட்டியவருடன் சேர்த்து எண்ணப்படுவதில்லை. பக்கத்தில் ஒருவன் இருப்பதே பேருதவி என்பதை அவ்விதி ஒப்புக்கொள்கிறது.

1926-இல் கல்கத்தாவிலிருந்தும் நால்வர் புறப்பட்டனர். அவர்களில் பிமல் முகர்ஜி, பின்னர் தனித்துச் சென்று 1937-இல்தான் தாயகம் திரும்பினார். கையில் பணமில்லாதவர், ஆகவே சென்ற நாடுகளில் கிடைத்த வேலையைச் செய்து, கூலி பெற்று, மேலே சென்றார். மீன்பிடி படகிலும் உழைத்தார். இரு சக்கரங்களில் உலகம் என்ற பொருள்படும் பெயரில் வங்காளியில் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. உதவியை இலவசமாகப் பெறாமல் உழைப்பைக் கொடுத்துப் பெற்றவர் இவர். ஆனாலும், முன்பின் அறியாத அயல்நாட்டானை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தார்களே, அந்த நம்பிக்கைக்குக் கூலியில் பிடித்தம் ஏதும் உண்டா?

பெண்களும் இக்கதையில் உண்டு. 1963 ஜனவரியில் அயர்லாந்திலிருந்து டெர்வ்லா மர்பி என்ற மங்கை, அவ்வாண்டின் கடுங்குளிரில் தன்னந்தனியாக சைக்கிளில் புறப்பட்டு, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் வழியாக ஜூலை மாதம் டில்லியை அடைந்தார். ஆசியச் சாலைகளில் கியர் பழுதானால் சரி செய்வது கடினம் என்று எண்ணி, புறப்படுமுன்பே அதனைக் கழற்றிவிட்டாராம். பழுதுபடக்கூடியதைக் குறைத்துக்கொள்வதும் தற்சார்பின் ஒரு முறையே. ஆயினும், அவருடைய பயண நூலைப் படிப்பவர் மனத்தில் நிற்பது அவர் வண்டியன்று. வழியெல்லாம் அவரை விருந்தாக ஏற்ற ஆப்கானியக் குடும்பங்களே.

நம் காலத்தில் இவ்விரு நெறிகளும் வெகுதூரம் பிரிந்து சென்றுவிட்டன. ஒரு புறம், 1982-இல் நான்கு பேருடன் தொடங்கிய அமெரிக்கக் குறுக்குப் பந்தயம். மேற்குக் கரையிலிருந்து கிழக்கு வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். துணைக் குழு இல்லாமல் அதில் கலந்துகொள்ளவே முடியாது. 2015-இல் நாசிக் நகரைச் சேர்ந்த மகாஜன் சகோதரர்கள் இருவர் குழுவாக அதனை முடித்தனர். 2017-இல் சீனிவாஸ் கோகுல்நாத், அமித் சமர்த் ஆகிய இருவரும் தனித்தனியே முடித்த முதல் இந்தியராயினர். தனித்தனியே என்றாலும், எப்பொழுது உறங்குவது, எதைப் பருகுவது என்று சொல்லும் குழு ஒவ்வொருவர் பின்னும் இருந்தது. அதனை அவர்கள் மறைக்கவும் இல்லை. மறைக்க வேண்டுவதும் இல்லை.

துணை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு ஒரே மனிதரின் இரு பயணங்களைச் சான்றாகக் காட்டலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மார்க் போமான்ட் 2008-இல், தம் மூட்டையைத் தாமே சுமந்து, 194 நாட்களில் உலகைச் சுற்றினார். 2017-இல் துணைக் குழுவுடன் சுற்றியபொழுது 78 நாட்களே ஆயின. ஆனால் இதன் மறுபுறமும் உண்டு. 2018-இல் ஜென்னி கிரகாம் என்ற மங்கை துணைக் குழு ஏதுமின்றி 124 நாட்களில் சுற்றி, மகளிருக்கு அதுவரை இருந்த சாதனையை ஏறத்தாழ மூன்று வாரம் குறைத்தார். துணை வேகத்தைக் கூட்டும். ஆனால் துணையில்லாமையே தடை என்று சொல்லிவிட முடியாது.

மற்றொரு புறம், துணை வண்டிகளைத் துறந்த பந்தயங்கள். கனடாவிலிருந்து மெக்சிகோ எல்லை வரை மலைமுதுகின் வழியே செல்லும் 'டூர் டிவைட்' 2008-இல் தொடங்கியது. 2013-இல் மைக் ஹால் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் 'டிரான்ஸ்கான்டினென்டல்' பந்தயத்தை ஏற்படுத்தினார். கூடாரம், போர்வை, கருவிகள் யாவும் வண்டிச் சட்டத்தில் கட்டிய சிறு பைகளில் அடங்கும். விதியின் சாரம் இதுதான்: எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பதை எவரும் பெறலாம், உனக்கென்று மட்டும் கிடைப்பதைப் பெறாதே. கடை எல்லாருக்கும் பொது, ஆகவே தடையில்லை. நண்பன் உனக்கு மட்டும் உரியவன். ஆகவே அவன் வீட்டுக் கட்டில் கூடாது. காற்றை மறைத்து முன்னே ஓட்டுகிறவனின் நிழலும் கூடாது. உதவியின் அளவைப் பாராமல் அதன் சமத்துவத்தைப் பார்த்த விதி இது. இவ்வளவு தெளிவு தெக்ராஞ்சுக்கும் கிடைக்கவில்லை.

மைக் ஹால் 2017 மார்ச்சு 31-ஆம் நாள், ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தின்போது, கான்பெரா அருகே கார் மோதி உயிர் துறந்தார். பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. எல்லாவற்றையும் தானே சுமக்கிறவனும் ஒன்றை மட்டும் சுமக்க முடியாது. அதுதான் சாலையில் தன் உயிரின் காப்பு. அது எதிரே வருகிறவரின் கையில் இருக்கிறது.

விதியின் தெளிவுக்கும் புதிய சோதனை வந்திருக்கிறது. இப்பொழுது ஒவ்வொருவர் வண்டியிலும் ஒரு சிறு கருவி இருந்து, அவர் இருக்குமிடத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. வீட்டிலிருந்தபடியே அப்புள்ளியைப் பார்த்து, தம் ஊரை அது நெருங்கும்போது, வாசலில் தண்ணீரும் பழமும் வைத்துக்கொண்டு நிற்கும் அன்பர்கள் உண்டு. கேட்டுப் பெற்றதன்று, எதிர்பார்த்ததும் அன்று. ஆனால் எல்லார்க்கும் கிடைப்பதா? பின்னால் நள்ளிரவில் வருகிறவனுக்கும் அங்கே பழம் இருக்குமா? அதிகாரிகள் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். துருத்தி இழுத்த சிறுவன் மீண்டும் வாசலில் வந்து நிற்கிறான்!

நேயர்களே, இவ்வளவும் புத்தகத்தில் கண்டவை. இனி நானே கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டில்லியிலிருந்து ஜெய்ப்பூர்ச் சாலையில் ஒரு 600 கிலோமீட்டர் பிரவே நடந்தது. என் அலுவலக நண்பர் அழைத்ததால், ஒரு நெடுஞ்சாலைத் தாபாவில் அமர்ந்து அட்டைகளில் முத்திரை குத்தும் பணியை ஓர் இரவு ஏற்றேன். ஜனவரி மாதம், மூடுபனி. இரவு ஒன்றரை மணிக்கு மேல் ஓர் இளைஞர் வந்தார். அட்டையிலிருந்த பெயரைக் கண்டு தமிழில் பேசினேன். திருச்சிப் பக்கத்தவர், குருகிராமில் வேலை. அவர் முகத்தில் களைப்பைவிடக் கவலையே மிகுந்திருந்தது.

"சார், ஒரு சந்தேகம். நான் விதியை மீறிவிட்டேனா என்று சொல்லுங்கள்" என்றார்.

நடந்தது இது. வழியில் ஏதோ இரும்புத் துண்டு பட்டு டயரின் பக்கவாட்டு கிழிந்துவிட்டது. கையிலிருந்த மாற்று டியூபுகள் இரண்டும் வீணாயின. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபொழுது, அரசமரத்தடியில் ஒரு பஞ்சர்க் கடை தென்பட்டது. கடைக்காரர் கயிற்றுக் கட்டிலில் தலையோடு போர்த்தி உறங்கிக்கொண்டிருந்தார். இவர் தயங்கி நிற்க, நாய் குரைத்து அவரை எழுப்பிவிட்டது. அவர் விளக்கேற்றி, பழைய டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கிழிசலின் உட்புறம் வைத்து, டியூபை ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தார். வழக்கமான கூலி எதுவோ அதையே வாங்கிக்கொண்டார்.

"கடையில் காசு கொடுத்துப் பழுது பார்த்தது விதிக்கு உட்பட்டதே, கடை எல்லாருக்கும் திறந்திருப்பதுதானே?" என்றேன் நான், விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவனைப்போல.

"கடை திறந்திருக்கவில்லையே, சார். அவர் எழுந்தல்லவா திறந்தார்?" என்றார் அவர்.

எனக்கு விடை தோன்றவில்லை. முத்திரையைக் குத்தி, நேரத்தை எழுதி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். தேநீர் அருந்திவிட்டு அவர் பனியில் மறைந்தார். மறுநாள் மாலை, கால எல்லைக்குள் முடித்துவிட்டதாக அறிந்தேன். அந்த அட்டையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒட்டியதற்கும் காற்றடித்ததற்கும் கூலி கொடுத்தாயிற்று. குளிரில் போர்வையை விலக்கி எழுந்ததற்குக் கட்டமும் இல்லை, கூலியும் இல்லை.

அன்று இரவு முழுவதும் என் நினைவு இருபது ஆண்டுக்கு முன் சென்றது. தேர்வெழுதி, வேலை பெற்று, ஒரு பெட்டியுடன் கரோல்பாகில் ஒரு மாடியறையில் குடிபுகுந்தவன் நான். டிசம்பர் குளிர் எத்தகையது என்று அறியாமல், ஊரிலிருந்து ஒரு பருத்திப் போர்வை மட்டும் கொண்டு வந்திருந்தேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி, என் இருமலை இரண்டு இரவு கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் ஒரு பழைய ரஜாயை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்பொழுது இந்தி சரியாகப் பேச வராது. நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில் இல்லை. பின்னர் வேறு வீட்டுக்கு மாறிவிட்டேன். "யாருடைய தயவும் இன்றி நின்றேன்" என்று என் தமக்கை மகனுக்கு நான் உபதேசம் செய்த ஒவ்வொரு முறையும், அந்த ரஜாய் கணக்கில் ஏறாமலே இருந்திருக்கிறது.

இதனால் தன் முயற்சி சிறுமையுடையது என்று நான் சொல்ல வரவில்லை. பத்துக் கிலோமீட்டர் வண்டியைச் சுமந்தவர் கிறிஸ்தோஃப்தான்; துருத்திச் சிறுவன் அன்று. 600 கிலோமீட்டர் மிதித்தவர் அத்திருச்சி இளைஞர்தான். பஞ்சர்க் கடைக்காரர் அன்று. திருவள்ளுவரும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். செய்ந்நன்றியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றிருக்க மற்றது எதற்கு என்று அவர் எண்ணவில்லை. தன் கையே தனக்கு உதவி என்று புறப்படுகிறவனுக்குத்தான், வழியில் நீளும் கை எவ்வளவு பெரிது என்பது தெரியும். துணை வண்டியில் எல்லாம் ஏற்றிச் செல்கிறவனுக்கு அரசமரத்தடியில் நிற்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த ஆங்கிலச் சொல்லை இன்று மீண்டும் தமிழாக்கச் சொன்னால், 'தற்சார்பு' என்று எழுத மாட்டேன். 'முன்னேற்பாடான துணையின்றி' என்று எழுதுவேன். சற்று நீண்ட சொற்றொடர்தான். மேலதிகாரி சுருக்கச் சொல்லக்கூடும். ஆனால் உறக்கம் கலைந்து எழுந்தவருக்கு அதில் இடம் இருக்கிறது.